ஐரோப்பா கெளுத்தி செட்டு எண்ணூர் ஆத்துல எப்படி?

முதல்ல சாமான் என்னென்னன்னு சொல்லிடறேன். மூணு மீட்டர் தூண்டில் ராடு ஒண்ணு. அதுக்கு ஏத்த ரீலு. ரீலுல சுத்தின பிரெய்டு நரம்பு, அதாவது இழை பின்னின நரம்பு, 300 மீட்டர். தண்ணிக்கு அடியில நிக்கற மிதப்பு ஒரு பாக்கெட்டு. 8/0, 10/0 சைஸ் தூண்டில் முள்ளுங்க. லீடர், அதாவது முள்ளுக்குக் கிட்ட வர்ற முன்பாகம், கட்டத் தடிச்ச தங்கூசி, நைலான் நரம்பு. ரப்பர் பூசின கையுறை ஒரு ஜோடி. அப்புறம் தண்ணியில சத்தம் போட்டு மீனைக் கூப்பிடற 'கிளாங்க்'னு ஒரு மரக்கொக்கி. மொத்தமும் ஐரோப்பா ஆறுகள்ல கிடைக்கிற வெல்ஸ் கெளுத்தின்ற ராட்சச மீனுக்குன்னே செஞ்சது. இதை வெச்சு எண்ணூர் முகத்துவாரத்துலயும், பாலத்துத் தூணுங்க பக்கமும், நைனாவோட ஃபைபர் போட்டுலயும் போட்டுப் பாத்தேன். எது நமக்கு ஆகும், எது ஆகாதுன்னு எழுதறேன். காசிமேட்டுலயும் திருவொற்றியூர்லயும் ராடு போடற பசங்க இதை வாங்கலாமான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அவங்களுக்கு இது உதவும்.

தங்கச்சி வீட்டுக்காரர் பார்சிலோனாவுல ஓட்டல் கிச்சன்ல வேலை பாக்கறாரு. அங்கேருந்து கார்ல ரெண்டு மணி நேரம் போனா எப்ரோ ஆறு. லீவு கிடைச்சா கூட வேலை பாக்கறவங்களோட சேர்ந்து, கைடு ஒருத்தரை வெச்சுக்கிட்டு மெக்கினென்சான்ற ஊர்ல போய் பிடிப்பாரு. ஊருக்கு வரும்போது இந்த செட்டை ஒரு பிவிசி பைப்புக்குள்ள சொருகி, ரெண்டு பக்கமும் மூடி போட்டு, டேப்பு சுத்திக் கொண்டாந்தாரு. அங்க வாங்கின விலை எல்லாம் சேர்த்து நம்ம காசுல இருபத்தெட்டாயிரம் ரூபா ஆச்சு. அதுல ரீலு மட்டும் பாதிக்குக் கிட்ட. கம்பெனிப் பேரை வேணும்னேதான் எழுதல. கெளுத்திக்குன்னு சாமான் பண்ற கம்பெனிங்க அங்க பல இருக்கு, அமைப்பு எல்லாத்துலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். அதனால நான் சொல்றது ஒரு பேருக்கு இல்லாம அந்த வகைக்கே பொருந்தும்.

நான் காசிமேட்டுல போட்டு எஞ்சின் வேலை பாக்கறவன். ஒரு சாமானைக் கையில எடுத்தா ஏன் இதை இப்படிப் பண்ணியிருக்கான்னுதான் மொதல்ல தோணும். இந்த செட்டுல ஒவ்வொரு சாமானுக்கும் காரணம் அந்த மீனோட உடம்புலதான் இருக்கு. அதனால மீனைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிட்டு சாமானுக்கு வரேன்.

வெல்ஸுக்குச் செதில் கிடையாது. வழவழன்னு கோழை. தலை அகலம், வாய் அதைவிட அகலம், கண்ணு மட்டும் துளியூண்டு. மீசை ஆறு, மேல் தாடையில நீளமா ரெண்டு, கீழ் தாடையில குட்டியா நாலு. முதுகுத் துடுப்பு பேருக்குத்தான் இருக்கும். வயித்துக்குக் கீழ ஆரம்பிக்கிற துடுப்பு வால் வரைக்கும் ஒரே நாடாவா ஓடும். நம்ம கடல் கெளுத்தியை நினைச்சுக்கிட்டுப் பாத்தா வேற ஏதோ மீன்னு தோணும். ஏரியிலயும் ஆத்துலயும் வாளை பிடிச்சவங்களுக்கு உடனே புரியும். ஆத்து வாளையும் வெல்ஸும் ஒரே குடும்பம்.

சைஸு ரெண்டு மீட்டரைத் தாண்டும், எடை நூறு கிலோவைத் தாண்டும். இத்தாலியில போ ஆத்துல 2023 மே மாசம் பிடிச்சது 285 சென்டிமீட்டர். என் உயரத்துக்கு மேல இன்னும் ஒரு மீட்டருக்கும் அதிகம். அந்த மீனை எடை போடல. எடை போடத் தூக்கினா அதுக்குக் கஷ்டம்னு நீளத்தை மட்டும் அளந்துட்டு ஆத்துல விட்டுட்டாங்க. இதைச் சொன்னதும் நைனா சாப்பிட்டுக்கிட்டிருந்த கையை அப்படியே நிறுத்திட்டாரு. "உட்டுட்டானா? உண்மையாவா உட்டுட்டான்?"னு கேட்டாரு. விடறதைப் பத்திப் பின்னால சொல்றேன், அதுக்கும் இந்த ராடு இவ்ளோ தடிமனா இருக்கறதுக்கும் சம்பந்தம் இருக்கு.

எப்ரோ இந்த மீனுக்குச் சொந்த ஊரு கிடையாது. டான்யூப், வோல்கா பக்கத்து மீன் இது. 1974ல ஒரு ஜெர்மன்காரர் குஞ்சு கொண்டாந்து எப்ரோவுல விட்டாரு. அங்க 1960கள்ல கட்டின அணைங்க இருக்கு. தண்ணி தேங்கி, வெதுவெதுன்னு ஆகி, கெண்டை மீன் ஏராளம். அந்த இடத்துல இது வளர்ந்த வளர்த்தியிலதான் மெக்கினென்சா மாதிரி ஒரு சின்ன ஊருக்கு ஐரோப்பா முழுக்கலேருந்து ஆளுங்க ராடைத் தூக்கிக்கிட்டு வராங்க. ஆனா உள்ளூர் மீனையெல்லாம் தின்னுடுதுன்னு விஞ்ஞானிங்க சண்டை போடறாங்க. ஸ்பெயின் அரசாங்கமும் இதை அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள் பட்டியல்ல வெச்சிருக்கு. அவங்க கவலை நியாயமானது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுலயும் தடை இருக்கு. மீன் தொட்டிக்குன்னு வாங்கி ஏரியில கொட்டின டேங்க் கிளீனர் மீன் இன்னிக்கு ஏரி வலையையெல்லாம் கிழிக்குது. அழகா இருக்கேன்னு எந்த மீனையும் வேற தண்ணியில விடாதீங்க.

வேட்டை குணத்துக்கு ஒரு சேதி. பிரான்ஸ்ல ஆல்பின்னு ஒரு ஊரு, டார்ன் ஆத்துக் கரையில. அங்க ஆத்து நடுவுல கூழாங்கல் திட்டுல புறாங்க தண்ணி குடிக்க, குளிக்க இறங்கும். வெல்ஸ் ஓரமா வந்து, மீசையை நீட்டி வெச்சுக்கிட்டு, ஒரே பாய்ச்சல்ல உடம்பு பாதி கரையேற புறாவைக் கவ்விக்கிட்டு திரும்பத் தண்ணிக்குப் போயிடும். 2012ல இதைப் பத்தி ஆய்வுக் கட்டுரையே வந்தது. பாஞ்ச தடவைங்கள்ல 28 சதவீதம் புறா மாட்டியிருக்கு. இந்த மீன் நடு ஆத்துல மட்டும் கிடைக்கிறது இல்ல, கரையோரம், மரம் விழுந்த இடம், வேர் பின்னின இடம், எல்லாத்துலயும் பதுங்கியிருக்கும். மாட்டினா முதல் வேலையா வேருக்குள்ள ஓடும். அங்க போயிட்டா நரம்பு அறுந்தது போலத்தான்.

இப்ப ராடைப் பாருங்க. அடிக்கட்டை என் கட்டைவிரலை விடத் தடிமன். 300 கிராம் வரைக்கும் ஈயம் தாங்கும்னு மேலயே எழுதியிருக்கு. நம்ம பசங்க கொடுவாவுக்குப் போடற ராடு நுனியில மட்டும் வளையும். இது லோடு ஏற ஏற நுனி, நடு, அப்புறம் ஃபோம் பிடிக்குக் கிட்ட வரைக்கும் ஒரே வில்லா வளையுது. மீன் இழுக்கும்போது ராடுதான் வேலை செய்யுது, கையில வலி தெரியல. வளையங்கள் ரெண்டு கால் போட்டு, நூல் சுத்தி, அழுத்தமா ஒட்டியிருக்கு. நுனி வளையத்துக்குள்ள பஞ்சை விட்டு இழுத்துப் பாத்தேன், ஒரு இழை கூட மாட்டல. மலிவு ராடுல இந்த இடத்துலதான் பிரெய்டு அறுபடும், வாங்கும்போது நீங்களும் பஞ்சை விட்டுப் பாத்துடுங்க.

எப்ரோ கரையில இந்த ராடை வீசறதே குறைவுன்னு மாப்ள சொன்னாரு. இரையை சின்ன போட்டுல எடுத்துக்கிட்டுப் போய், சரியான இடத்துல இறக்கிட்டு வருவாங்க. இரைன்னா பெரும்பாலும் மீன் தூள்ல பண்ண உருண்டை, பெல்லெட்டுன்னு சொல்றது. உயிர் மீனைக் கோத்துப் போட அங்க அனுமதி இல்ல. இன்னொரு முறையும் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். எதிர்க்கரையில ஒரு கிளையில மெல்லிசு நரம்பைக் கட்டி, அதுல மெயின் நரம்பை மாட்டி, விறைப்பா இழுத்து வெச்சிடுவாங்க. ராடு ஸ்டாண்டுல நட்டுக்கிட்டு வளைஞ்சு நிக்கும். மீன் இரையை வாங்கினதும் மெல்லிசு நரம்பு பட்டுனு அறுந்து ராடு நிமிர்ந்து, அந்த வேகத்துலயே முள்ளு ஏறிடும். ஓடுற தண்ணியில குப்பை வந்து நரம்புல மாட்டாம இருக்கவும் இது உதவுது. நம்ம ஆத்துல ஆகாயத்தாமரை மிதந்து வர்ற மாசங்கள்ல இதைச் செஞ்சு பாக்கலாம்.

பாலத்துத் தூணுங்க பக்கம் இந்த ராடு என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன். பொழுது சாஞ்ச நேரம், தண்ணி ஏறிக்கிட்டிருந்தது. மத்தித் துண்டு கோத்துப் போட்டிருந்தேன். ராடு நுனி ரெண்டு தடவை மெதுவா குனிஞ்சது, அப்புறம் ஒரே அழுத்து. இழுத்தா வரல, விட்டா ஓடல. திருக்கைன்னு தெரிஞ்சு போச்சு. திருக்கை அடியில சேத்துல படிஞ்சு ஒட்டிக்கிட்டா சாதாரண ராடுக்காரன் நரம்பை அறுத்து விட்டுட்டுப் போக வேண்டியதுதான். நான் ராடை நெஞ்சுக்கு நேரா வளைச்சு அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னேன். அசையல, நானும் அசையல. கொஞ்ச நேரத்துல அந்த வளைவுல சேர்ந்த இழுப்பு ஒரு ஓரத்தைத் தூக்கிடுச்சு. சேறு கொப்புளிச்சு மேல வந்தது. ஓரம் கிளம்பினதும் தூண் பக்கம் ஒரே ஓட்டம். பிரேக்கை அங்கேயே இறுக்கினேன், நரம்பு விர்ருனு சத்தம் போட்டுச்சு, தூணுக்கு ஒரு முழம் இருக்கும்போது திரும்பிடுச்சு. என் பழைய ராடா இருந்தா அந்த மீன் தூணைச் சுத்தியிருக்கும். வால் முள்ளு இருக்குன்றதால நைனா துணி போட்டு அமுக்கி எடுத்தாரு. ஏலத்துக்குப் போகல, தெருவுல நாலு வீட்டுக்குப் போச்சு.

வேர் பின்னின ஆத்துக்குன்னு பண்ணது, தூண் நட்ட நம்ம ஆத்துக்கும் சரியா உக்காருது. திருக்கை, பெரிய கெளுத்தி, தூண் ஓரத்துப் பெரிய செப்பிலி, போட்டுலேருந்து நேரா கீழ இறக்கற எந்த வேலையும் இந்த ராடு செய்யும். தூண்டில் வளைவுக் கல்லு மேல நின்னுக்கிட்டு வீசிச் சுத்தற வேலைக்கு வாங்காதீங்க. பிளாஸ்டிக் மீன் போட்டு கொடுவா பிடிக்கறவங்க அரை மணி நேரத்துல தோளைப் பிடிச்சுக்குவாங்க. அதோட, கொடுவா தண்ணிக்கு மேல எகிறித் தலையை உதறும்போது நுனி இளகிக் கொடுக்கணும். இந்த ராடு இளகாது, முள்ளு வாயைக் கிழிச்சுக்கிட்டு வந்துடும்.

பிரெய்டுக்கு நூத்துக்கு நூறு. 0.50 மில்லிமீட்டர், எட்டு இழை பின்னினது. அம்பது கிலோ தாங்கும்னு போட்டிருக்கு. டப்பால போட்டிருக்கற எண்ணை நான் முழுசா நம்பறது இல்ல. ஆனா எஞ்சின் தூக்கற செயினுல கட்டி, தராசு மாட்டி இழுத்தப்ப நாப்பதைத் தாண்டியும் முடிச்சு நின்னது. தண்ணியில ஊறினப்பறமும் சாயம்தான் வெளுத்துச்சு, இழை பிரியல. தூண்ல சிப்பி ஒட்டியிருக்கற இடத்துல மட்டும் எந்தப் பிரெய்டும் நிக்காது, அதுக்குத்தான் முன்னால ஒரு பாகத்துக்குத் தடி தங்கூசி. செட்டுல வந்தது 1.2 மில்லிமீட்டர். வெல்ஸுக்குக் கடிச்சு அறுக்கற பல்லு கிடையாது, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு பொடிப்பல்லு, மணிக்கணக்கா தேச்சா மெல்லிசு நரம்பு தேஞ்சு போயிடும். நம்ம கெளுத்திக்கும் அதே கதைதான், அதனால இது ஆகும். கூர் பல்லு இருக்கற சீலா மீன் வர்ற இடத்துல கம்பி லீடர் தவிர வேற எதுவும் போடாதீங்க.

இப்ப அந்த அடிமிதப்பு. இந்த செட்டுலயே விலை குறைஞ்ச சாமான் இதுதான், எனக்கு அதிகம் உதவினதும் இதுதான். பாக்க ஒரு சின்ன பம்பரம் மாதிரி, நடுவுல ஓட்டை, உள்ள ரெண்டு மூணு குண்டு. ஆட்டினா கலகலன்னு சத்தம். இதை லீடர்ல, முள்ளுக்கு ஒரு சாண் பின்னால கோத்துடணும். ஈயம் அடியில கிடக்கும், மிதப்பு இரையைத் தரையிலேருந்து தூக்கி நிறுத்தும். தரைக்கும் இரைக்கும் நடுவுல முழம் இடைவெளி. வெல்ஸ் அடியிலேருந்து மேல பாத்து வேட்டையாடற மீன், இரை தூக்கலா நின்னா தூரத்துலேருந்தே கண்டுபிடிக்கும், அதுக்காகப் பண்ணது.

நமக்கு இதோட பலன் வேற. எண்ணூர் ஆத்துல ராடு போடற ஒவ்வொருத்தருக்கும் தெரியும், இரையை மீன் திங்கறதுக்கு முன்னால நண்டு தின்னுடும். பத்து நிமிஷம் கழிச்சு இழுத்தா வெறும் முள்ளு. இந்த மிதப்பைப் போட்டதுலேருந்து இரை முழுசா நிக்குது. பக்கத்துலயே ஒரே இரை, ஒரே ஈயம், மிதப்பு இல்லாம இன்னொரு ராடு போட்டு வெச்சேன். இதுல இரை அப்படியே இருக்க, அதுல ஒவ்வொரு தடவையும் முள்ளு காலி. இதுக்காக யாரும் ஐரோப்பாவுக்கு ஆர்டர் போட வேண்டாம். நைனா அதைக் கையில வாங்கிப் பாத்துட்டு, பழைய ரப்பர் செருப்பை எடுத்து வெட்டி, சூடான கம்பியால ஓட்டை போட்டு, அரை மணி நேரத்துல நாலு பண்ணிக் கொடுத்துட்டாரு. சத்தம் வராது, மத்தபடி அதே வேலை. இரை கனத்துக்கு ஏத்த மாதிரி செருப்புத் துண்டு பெருசா இருக்கணும், அதை மட்டும் வாளித் தண்ணியில போட்டுப் பாத்துக்கோங்க.

ரீலு விஷயத்துல எனக்குக் கோவம் இருக்கு. வெளியில பாத்தா கம்பீரம். உலோக பாடி, பெரிய கைப்பிடி, பிரேக்கு இருபது கிலோவுக்கு மேல பிடிக்கும். நல்ல தண்ணியில இது குறையில்லாத ரீலா இருக்கும்னு நம்பறேன், மாப்ள கையில இருக்கற ஜோடி ரீலு இன்னும் புதுசு மாதிரி சுத்துது. உப்புத் தண்ணிக்கு இது லாயக்கில்ல. ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில கழுவி, துடைச்சு, நிழல்ல காய வெச்சும், கொஞ்ச நாள்லயே நரம்பு ஓடற உருளையில கரகரன்னு ஒரு சத்தம். திறந்து பாத்தேன். உருளை பேரிங் செந்துரு பிடிச்சு நிக்குது. உள்ள மெயின் பேரிங்குக்கும் வெளிக்காத்துக்கும் நடுவுல ரப்பர் சீலே கிடையாது. கிரீஸு மெல்லிசா, பேருக்குத் தடவியிருக்கு. போட்டு எஞ்சினுக்குப் போடற கடல் கிரீஸை வெச்சு அடைச்சு, பேரிங்கை ஸ்டெயின்லெஸ்ல மாத்தினேன், இப்ப ஓடுது. ஆனா பாதிக் காசைப் பிடுங்கிக்கற சாமான்ல இந்த வேலையை நான் பண்ண வேண்டியிருக்கே. வாங்கறவங்க ராடை மட்டும் வாங்கிக்கிட்டு, கடலுக்குன்னு சீல் போட்டு வர்ற ரீலைத் தனியா பாருங்க. கடைக்காரர்கிட்ட "உப்புத் தண்ணிக்கு ஆகுமா"ன்னு கேட்டா எல்லாரும் ஆகும்னுதான் சொல்வாங்க. உருளையில சீல் இருக்கா, காட்டுங்கன்னு கேளுங்க.

இனி கிளாங்க். இந்த விமர்சனத்தை எழுத உக்கார்ந்ததே பாதி இதுக்காகத்தான். அருவா மாதிரி வளைஞ்ச ஒரு மரத்துண்டு. மேல கைப்பிடி, கீழ நுனியில எட்டணா அளவுக்குத் தட்டையா ஒரு வட்டம். போட்டுல உக்கார்ந்துக்கிட்டு, இதைத் தண்ணியில இறக்கி ஒரு வீச்சுல நம்ம பக்கமா இழுக்கணும். அந்த வட்டம் தண்ணிக்குள்ள ஒரு காத்துக் குழியைப் பண்ணும், அது மூடும்போது 'குளக்'னு ஒரு சத்தம். சத்தம் நல்லா ஆழத்துக்குப் போகும். போட்டுக்கு நேர் கீழ கொத்தா மண்புழுவோ வேற இரையோ தொங்கும். ஆழத்துல படுத்திருக்கற வெல்ஸ் சத்தத்துக்கு எழும்பி வரும். இப்ப சோனார்ல அது கோடா மேல ஏறி வர்றதைப் பாத்துக்கிட்டே பிடிக்கறாங்களாம். முறை என்னவோ பழசு, ஹங்கேரியில டான்யூப், டிசா ஆத்து மீனவங்க கைப்பழக்கம்.

சத்தத்துக்கு வர்றதுல அதிசயம் இல்ல. கெளுத்தி இனத்துக்கெல்லாம் வயித்துல இருக்கற காத்துப்பைக்கும் உள்காதுக்கும் நடுவுல குட்டி எலும்புங்க ஒரு சங்கிலியா கோத்திருக்கும். காத்துப்பை அதிர்ந்தா நேரா காதுக்குப் போயிடும். கலங்கின தண்ணியில துளியூண்டு கண்ணை வெச்சுக்கிட்டு இவ்ளோ பெரிய உடம்பை வளர்க்குதுன்னா காதும் மீசையும்தான் காரணம்.

என் கையில முதல்ல அந்த 'குளக்' வரவே இல்ல, சளக்குனு தண்ணிதான் தெறிச்சது. காட்டுக்குப்பத்துல எங்க சொந்தக்காரத் தாத்தா ஒருத்தர், அவர் சின்ன போட்டுலதான் ஆத்துக்குள்ள போனோம். பாத்துக்கிட்டே இருந்தவரு, "குடு நைனா"ன்னு என்கிட்டேருந்து வாங்கினாரு. மணிக்கட்டை ஒரு திருப்பு, துடுப்பு போடற மாதிரியே. குளக். அடுத்தது குளக். எல்லாம் ஒரே அளவு, ஒரே சுருதி. "நாங்க மடவையை வலைக்கு ஓட்டறதுக்குத் தண்ணியைத் தட்டுவோம். இவன் கூப்டறதுக்குத் தட்றான்"னு சொல்லிட்டு, கட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அன்னிக்குக் கெளுத்தி எதுவும் எழும்பி வரல. அதுக்கப்புறம் தட்டிப் பாத்தப்பவும் வரல. சுத்தி இருந்த மடவைங்க எகிறிக் குதிச்சு ஓடினதுதான் மிச்சம்.

கட்டையைக் குறை சொல்ல மாட்டேன். இது ஆழமான மடுவுக்குன்னு பண்ணது. எண்ணூர் ஆத்துல ஆழம் எங்க இருக்கு? அனல் மின் நிலையச் சாம்பல் படிஞ்சு படிஞ்சு, தாத்தா சின்ன வயசுல மூங்கில் கழி எட்டாத இடமெல்லாம் இப்ப இடுப்பளவு. 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணெய் வேற வந்து அலையாத்தி வேரெல்லாம் கருப்பா ஒட்டிக்கிச்சு. மீனைக் கூப்பிடறதுக்கு முன்னால மீன் இருக்கறதுக்கு இடம் வேணும். ஆறு மறுபடியும் ஆழமானா கிளாங்க்கை எடுத்துக்கிட்டு முதல் ஆளா போவேன். அதுவரைக்கும் நம்ம பக்கத்து ராடுக்காரங்க இதுக்குக் காசு போட வேண்டாம். உள்நாட்டுல அணையில வாளை பிடிக்கறவங்க யாராவது இதைத் தட்டிப் பாத்தா எனக்குச் சொல்லுங்க. வாளைக்கு வேலை செய்யும்னு எனக்குப் பலமான எண்ணம்.

கையுறை பத்தி ஒரு எச்சரிக்கை. இதைக் கவனமா படிங்க. வெல்ஸை ஆத்து ஓரம் கொண்டாந்ததும் கையுறை போட்டுக்கிட்டு, வாய்க்குள்ள கையை விட்டு, கீழ் தாடையை அப்படியே பிடிச்சு இழுத்துக் கரையேத்துவாங்க. அந்த வீடியோவைப் பாத்துட்டு நம்ம கடல் கெளுத்திக்கிட்ட அதே மாதிரி போகாதீங்க. வெல்ஸ் முதுகுல குத்தற முள்ளு கிடையாது. நம்ம கெளுத்திக்கு முதுகுல ஒண்ணு, பக்கத் துடுப்புல ரெண்டு, மூணும் ரம்பப் பல்லு வெச்ச விஷ முள்ளு. ரப்பர் கையுறையை ஊசி மாதிரி துளைச்சுக்கிட்டுப் போகும். குத்திடுச்சுன்னா, கை தாங்கற அளவு சூட்டுல வெந்நீர்ல முக்கி வெச்சுக்கணும், அந்த விஷம் சூட்டுக்கு அடங்கும், வலி இறங்கும். பொறுக்கற சூடுன்னா பொறுக்கற சூடுதான், வெந்து போற அளவுக்கு வேண்டாம். முள்ளு உள்ள முறிஞ்சிருந்தா நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, வீட்டுல பிளேடு வெச்சு நோண்டாதீங்க. கையுறை ஐஸ் பெட்டி தூக்க, நரம்பைச் சுத்திப் பிடிச்சு இழுக்க நல்லா உதவுது. அதுக்கு வெச்சுக்கலாம்.

நைனா கேட்ட கேள்விக்கு வரேன், ஏன் விடறான்? மாப்ள சொன்னதும் நான் படிச்சதும் சேர்த்து எனக்குப் புரிஞ்சது இது. அவ்ளோ பெரிய வெல்ஸ் பல பத்து வருஷம் வாழ்ந்த மீன். ஆண் மீன் கூடு மாதிரி இடம் பண்ணி, முட்டை பொரியற வரைக்கும் வாலால தண்ணி விசிறிக்கிட்டே காவல் காக்கும். போன வருஷம் பிடிச்ச மீனையே இந்த வருஷம் இன்னொருத்தர் பிடிச்சு, தழும்பை வெச்சு அடையாளம் சொல்றதெல்லாம் அங்க நடக்குது. அந்த மீன் உசுரோட இருந்தாத்தான் கைடுக்கு அடுத்த ஆளு வருவான். மீனை ரொம்ப நேரம் இழுத்தடிச்சா தண்ணியில விட்டாலும் பிழைக்காது. ராடும் நரம்பும் இவ்ளோ கனமா இருக்கறது சட்டுனு கரைக்குக் கொண்டாந்து, ஈரப் பாய்ல கிடத்தி, முள்ளை எடுத்துட்டு, தெம்போட திருப்பி அனுப்பறதுக்கும் சேர்த்துத்தான். மெல்லிசு நரம்புல மணிக்கணக்கா விளையாடி ஜெயிச்சேன்னு சொல்றவனை அங்க மதிக்க மாட்டாங்களாம். எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்தது.

எல்லா ஊர்லயும் விடறாங்கன்னு நினைச்சுக்காதீங்க. டான்யூப் பக்கத்துல இது சாப்பாட்டு மீன்தான். ஹங்கேரியில மிளகாய்த்தூள் போட்டு, புளிச்ச கிரீம் ஊத்தி குழம்பு வெச்சு, பாலாடைக்கட்டி போட்ட நூடுல்ஸோட சாப்பிடறாங்க. பெருசு கொழுப்பு அதிகம்னு நடுத்தர சைஸைத்தான் விரும்பறாங்க. அம்மா இதைக் கேட்டுட்டு, "புளி ஊத்தாம கெளுத்தியா?"ன்னு முகத்தைச் சுளிச்சாங்க. நாங்க வயித்துப் பிழைப்புக்குப் பிடிக்கிற ஊரு, ஆத்து மீனை விட்டுடுங்கன்னு காட்டுக்குப்பத்து ஆளுங்ககிட்ட போய் நான் சொல்ல மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்குக்கு ராடு போடற என்னை மாதிரி ஆளுங்க, வயிறு நிறைய சினையோட வர்ற கெளுத்தியை விடலாம். கடல் கெளுத்தியில ஆண் மீன் முட்டையை வாய்க்குள்ளயே வெச்சுக் காப்பாத்தும், அந்த நாள் முழுக்க ஒண்ணும் திங்காது. வாய் நிறைய கோலிக்குண்டு சைஸ் முட்டையோட ஒண்ணு வலையில வந்தா அதையும் விடுங்க. நான் விடறேன். நைனாவும் இப்ப ஒண்ணும் சொல்றது இல்ல.

வாங்கறவங்களுக்கு என் கணக்கு இது. ராடு வாங்குங்க, போட்டுல போறவங்களும் பாலத்துத் தூண் பக்கம் போடறவங்களும் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். நரம்பு வாங்குங்க, 300 மீட்டரை ரெண்டு பேர் பங்கு போட்டுக்கிட்டா ஆத்துக்குத் தாராளம். மிதப்பை செருப்புல வெட்டிக்கோங்க. ரீலு வேண்டாம். கிளாங்க் இப்பத்திக்கு வேண்டாம். முள்ளுல 8/0 நம்ம பெரிய கெளுத்திக்கும் திருக்கைக்கும் சரி, 10/0 வீண். அங்கேருந்து யாராவது ஊருக்கு வந்தா ராடைத் துணிப் பையில கொண்டு வரச் சொல்லாதீங்க, விமானத்துல நுனி முறிஞ்சிடும். நாலு இஞ்ச் பிவிசி பைப்பு, ரெண்டு மூடி, உள்ள பழைய லுங்கி சுத்தினா போதும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ல ஆரம்பிக்குது, அதுக்கு முன்னால ராடு கையில இருந்தா அந்த ரெண்டு மாசமும் முகத்துவாரத்துல சாயங்காலத் தண்ணிக்குப் போட்டுப் பழகிக்கலாம். நானும் அங்கதான் இருப்பேன், ராடைத் தூக்கிப் பாக்கணும்னா வந்து கேளுங்க.